மைனஸ் மூன்று

இயற்பியலில் மைனஸ் மூன்று.
தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில்
பிரிண்ட் எடுத்துத் தந்த பையன்
காசு வாங்கவில்லை.
அதுதான் முதலில் சுட்டது.

ஒன்றுமே எழுதாமல்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்
பூஜ்யமாவது வந்திருக்கும்.
நான் உழைத்து, வியர்த்து,
அதற்கும் கீழே மூன்று படி இறங்கியிருந்தேன்.

அப்பா ஹார்பரில் வின்ச் ஓட்டுகிறார்.
"மைனஸ்னா, நாம கடன்காரங்கன்ற மாதிரியா?"
அதே மாதிரிதான்ப்பா.
"அப்ப கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு
குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

உயிரியலில் இருநூற்று முப்பத்தொன்று.
தம்பி டில்லி தெருவெல்லாம்
அதை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.
தெருவுக்குக் கணக்கு தெரியும்.
"டாக்டரம்மா" என்று கூப்பிடுவதை
அந்த வாரமே நிறுத்திவிட்டது.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
டோக்கன் எழுத ஆள் கேட்டார்கள்.
விடிகாலை மூன்றிலிருந்து எட்டு வரை.
அங்கே கிடந்த பழைய பேரேடு ஒன்றை
வீட்டுக்கு எடுத்து வந்து
தப்பாய்ப் போட்ட கேள்விகளை வெட்டி ஒட்டினேன்,
பற்றுப் பக்கத்தில்.

முதல் தப்பு, குறி.
இரண்டாவதும் குறி.
மூன்றாவது, சென்டிமீட்டரை மீட்டராக்கவில்லை.
நான்காவது, கேள்வியில் இருந்த 'அல்லாதது'
என் கண்ணில் படவே இல்லை.
ஒன்பதாவதுக்கு
'தெரியாது' என்று எழுதினேன்.
எழுதிய பிறகு
கை கொஞ்சம் லேசானது.

தெரியாதது பன்னிரண்டாம் வகுப்பில் இல்லை,
பத்தாம் வகுப்பிலேயே தொடங்கியிருந்தது.
டில்லி தூங்கியதும்
அவன் புத்தகத்தைத் திருடிப் படித்தேன்,
லென்ஸ், மின்தடை, நியூட்டன்.
நான்காம் நாள் பையில் தேடியபோது
புத்தகம் என் தலையணைமேல் இருந்தது,
அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பொய்யாகக் குறட்டை விட்டான்.

செப்டம்பர் மாதிரித் தேர்வில் மைனஸ் ஒன்று.
அக்டோபரிலும் மைனஸ் ஒன்று.
நவம்பரில் சுத்தமாகப் பூஜ்யம்.

ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒன்று
தார்ப்பாய்க்கு வெளியே மறந்துபோய்க் கிடந்தது.
பக்கத்தில் வஞ்சிரம் ஏலம், சத்தம், வெயில்.
கிலோவுக்கு எண்பது கிலோகலோரி,
டோக்கன் பின்னால் பெருக்கினேன், நாலாயிரம்.
நாலாயிரமும் உள்ளே போய்த் தீரும்வரை
வெப்பமானி பூஜ்யத்தை விட்டு நகராது.
"இன்னாம்மா, பாரு கரையுது, பாத்துனு நிக்கிற?"
என்று சூப்பர்வைசர் ஏகாம்பரம் கத்தினார்.
கரைந்ததற்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டான்லியில்
அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.
வரிசை நகரும்வரை
மருத்துவக் கல்லூரிப் பக்கம் திரும்பக் கூடாது
என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.
அன்று ஒரு ஹவுஸ் சர்ஜன்
தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள்.
வெள்ளைக் கோட்டுப் பையில்
பேனா ஒழுகி நீலமாகப் பரவியிருந்தது.
எழுப்பிச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

ஜனவரியில் முப்பத்தி நாலு.
மார்ச்சில் எழுபத்தொன்று.
போதாது.
எவ்வளவு போதாது என்று இப்போது எனக்குத் தெரியும்,
போன வருடம் அதுவும் தெரியாது.

இன்று கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டது.
எண்ணெய் டேங்கர்கள், எண்ணினேன், ஐம்பது.
ஒன்று பன்னிரண்டு மீட்டர் என்றால்,
கடந்தது இரண்டு நிமிடம் என்றால்,
நொடிக்கு ஐந்து மீட்டர்.
கடைசி டேங்கர் போன பிறகும் கேட் ஏறவில்லை.
எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வண்டியாம்.
பைக்காரர்கள் கேட்கீப்பரின்
பரம்பரையை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு
பேரேட்டைப் பிரித்தேன்.
முதல் பக்கம், முதல் தப்பு.
எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள்.
கூட்ட வேண்டிய இடத்தில்
கழித்திருந்தேன்.

வரட்டும்.